இறப்புக்குக் காரணம்: ‘வயிற்றுவலி’

பிறந்த நேரத்தைக் கேட்டால் சாதகக் கட்டத்தை எடுத்துக் காட்டாத வீடு நம் பக்கத்தில் அரிது. நாழிகை, விநாடி வரை கணித்து வைத்திருப்பார்கள். அதே வீட்டில் தாத்தா எதனால் இறந்தார் என்று கேட்டுப் பாருங்கள். ‘வயசாச்சு’, ‘மூச்சு நின்னுபோச்சு’, ‘வேளை வந்தது, போய்ட்டார்’ என்னும் மூன்றில் ஒன்று விடையாக வரும். போனவர் போய்விட்டார், காரணம் தெரிந்து இனி என்ன ஆகப்போகிறது என்பது நம் எண்ணம். ஆயினும் அரசாங்கம் ஒரு கட்டம் போட்டு வைத்து, இறக்கும் ஒவ்வொருவருக்கும் அதை நிரப்பச் சொல்கிறது. ‘இறப்புக்குக் காரணம்’ என்பது அக்கட்டத்தின் பெயர். அதை யார் நிரப்புகிறார்கள், எதைப் பார்த்து நிரப்புகிறார்கள் என்பதைப் பலரிடம் கேட்டும், நூல்களில் படித்தும் அறிந்த அளவில் இங்கே எழுத முற்படுகிறேன்.

எங்கள் மணவூர் சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதையில் திருவாலங்காட்டுக்கு முந்தைய நிலையம். சுடுகாட்டை ஆடரங்காகக் கொண்ட பெருமானின் இரத்தினசபை அடுத்த ஊரிலேயே இருப்பதால், சாவைப் பற்றிப் பேசுவது எங்களுக்கு அமங்கலமன்று என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஊருக்கு ஒருபுறம் தண்டவாளம். மறுபுறம் நெல் வயல். இரண்டும் அவ்வப்போது உயிர் வாங்கும். என் பெரியப்பா கிராம உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பெயரால் சொன்னால் தலையாரி. சிற்றூர்களில் பிறப்பு இறப்புப் பதிவாளர் கிராம நிர்வாக அலுவலரே ஆகையால், அந்தப் பதிவேட்டை நெடுங்காலம் அருகிருந்து கண்டவர் அவர். அவரிடம்தான் முதலில் கேட்டேன்.

“பெரியப்பா, நீங்க பார்த்த வரைக்கும் எந்தக் காரணம் அதிகமா எழுதியிருக்கும்?”

“மாரடைப்பு. அதுக்கு அடுத்தது வயித்துவலி.”

“வயித்துவலியில அத்தனை பேரா சாவாங்க?”

“சாவாங்களோ இல்லையோ, எழுதறதுக்கு அதான்டா தோதா இருக்கும்.”

அவர் சிரிக்காமல் சொன்னதால் எனக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்ன இரண்டு சொற்களையும் பிடித்துக்கொண்டு போனால் இந்தத் துறை முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம் என்பது பின்னர்தான் எனக்கு விளங்கிற்று.

முதலில் மாரடைப்பு. அது உண்மையான நோய்தான். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் நாளம் அடைபட்டு, தசையின் ஒரு பகுதி செத்துப்போவதே மாரடைப்பு. ஆனால் பதிவேட்டில் காணும் மாரடைப்பெல்லாம் அதுவன்று. ‘நெஞ்சு நின்றுவிட்டது’ என்பதையே பலர் அச்சொல்லால் எழுதிவிடுகிறார்கள். நெஞ்சு நிற்காமல் இறந்தவர் உலகில் எவர்? தூக்கிலிடப்பட்டவனுக்கும் நெஞ்சு நின்றது. காலராவில் போனவனுக்கும் நெஞ்சு நின்றது. எனவேதான் மருத்துவர் தரும் இறப்புக் காரணச் சான்றுப் படிவத்தில், நோய், காயம், அவற்றின் விளைவு ஆகியவற்றை எழுதுக, இதயம் செயலிழத்தல், பலவீனம் போன்ற சாகும் விதத்தை எழுதற்க என்னும் கருத்தில் ஓர் எச்சரிக்கை அச்சிடப்பட்டுள்ளது. மருத்துவமனையில் இறந்தவர்க்கு 4ஆம் எண் படிவம்; வீட்டில் இறந்தவர்க்கு, கடைசி நோயில் வைத்தியம் பார்த்த மருத்துவர் தரும் 4ஏ படிவம். இவையெல்லாம் 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் வருபவை.

படிவத்தின் அமைப்பு உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றே. முதற் பகுதியில் அ, ஆ, இ என்று வரிகள். முதல் வரியில் உடனடிக் காரணம். அதற்கு அடுத்த வரியில் அதை உண்டாக்கியது. அடியில், எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது. ஒவ்வொன்றின் எதிரிலும் அது தொடங்கியது முதல் இறப்பு வரை சென்ற காலம். இரண்டாம் பகுதியில், சங்கிலியில் சேராமல் ஆனால் சாவுக்குத் துணைபோன பிற நோய்கள். மேலிருந்து கீழாக எழுத வேண்டும். புள்ளிவிவரக்காரரோ கீழிருந்து மேலாகப் படிப்பார்.

ஓர் எடுத்துக்காட்டுப் பார்ப்போம். கட்டட வேலை செய்யும் கொத்தனார் ஒருவர் சாரத்திலிருந்து விழுகிறார். தொடையெலும்பு முறிகிறது. படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். நாற்பதாம் நாள் சளி கட்டி, நிமோனியாக் காய்ச்சலில் இறந்துபோகிறார். வீட்டார் ‘காய்ச்சல்’ என்பார்கள். அவசரக்கார மருத்துவர் ‘நிமோனியா’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். முறையாக எழுதினால் முதல் வரியில் நிமோனியா, இரண்டாவதில் தொடையெலும்பு முறிவு, மூன்றாவதில் சாரத்திலிருந்து விழுந்தது என்று வரும். சர்க்கரை நோய் இருந்திருந்தால் அது இரண்டாம் பகுதிக்குப் போகும். அந்த மூன்றாவது வரியை எழுதியவுடன் சாவின் தன்மையே மாறிவிடுகிறது பாருங்கள்! நோயில் வந்த சாவு விபத்தில் வந்த சாவாகிறது. காவல் நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும். பிரேத பரிசோதனை வேண்டும். மனைவி மக்களுக்கு இழப்பீடு கேட்கும் உரிமை பிறக்கிறது. ஒரு வரி எழுதப்படாமற் போனால் அத்தனையும் போயிற்று.

இக்காரணங்களை எண்ணிட்டு வகைப்படுத்தும் பட்டியலை 1893இல் பிரெஞ்சுக்காரரான ஜாக் பெர்ட்டில்லான் உருவாக்கினார். 1948 முதல் உலகச் சுகாதார நிறுவனம் அதைத் திருத்தி வெளியிட்டு வருகிறது. அதன் பதினொன்றாம் பதிப்பு 2022இல் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் எழுதுகிற கை சரியாக எழுத வேண்டும் அல்லவா? நம் நாட்டில் பதிவாகும் இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளிப்பது, 2020ஆம் ஆண்டின் அரசு அறிக்கைப்படி, ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். மற்றவற்றுக்கெல்லாம் வீட்டார் வாய்மொழியே ஆதாரம்.

இதுவரை சொன்னது இயற்கைச் சாவுக்கான வழி. சந்தேகமான சாவு, விபத்து, தற்கொலை, கொலை என்றால் வேறு வழி. ‘காவலர் வராமல் பிணத்தைத் தொடாதே’ என்று கிராமத்தில் சொல்வது இதைத்தான்.

இவ்வழி இந்நாட்டுக்குப் புதிதன்று. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரத்தில், நான்காம் அதிகரணத்தில், திடீரென இறந்தவர் உடலைச் சோதிப்பது பற்றியே தனி அத்தியாயம் இருக்கிறது. உடலில் எண்ணெய் பூசிப் பார்க்க வேண்டும் என்கிறது அந்நூல். ஆனால் உடலைத் திறந்து பார்த்துச் சட்டத்துக்காகக் காரணம் கண்ட முதல் நிகழ்ச்சியாக இந்திய மருத்துவ வரலாற்றில் குறிக்கப்படுவது, நம் சென்னையிலேயே, புனித ஜார்ஜ் கோட்டையில் நடந்தது. ஆண்டு 1693, ஆகஸ்டு மாதம். கம்பெனியின் ஆலோசனை சபை உறுப்பினரான ஜேம்ஸ் வீலர் என்பவர் உடல்நலமில்லாமல், கோட்டை மருத்துவர் சாமுவேல் பிரௌன் கொடுத்த முத்துப் பொடியை உட்கொண்டார், இறந்துபோனார். அந்தப் பொடியை இடித்த கல்லுரலில் அதற்கு முன் பாஷாணம் இடித்திருந்தார்கள். உரலைக் கழுவவில்லை. பிரௌன் தாமே ஆளுநருக்குக் கடிதம் எழுதி நடந்ததை ஒப்புக்கொண்டார். எட்வர்டு பல்க்லி என்னும் மற்றொரு மருத்துவர் வீலரின் உடலைத் திறந்து சோதித்து அறிக்கை கொடுத்தார். வழக்குத் தொடுக்கப்பட்டும் பிரௌன் தண்டிக்கப்படவில்லை. இக்கதையில் என் மனத்தைப் பிடித்தது அந்தக் கல்லுரல்தான். கொலைகாரன் எவனுமில்லை, பகையுமில்லை; ஆனாலும் காரணம் இருக்கிறது. அதைத் தேடாமல் விட்டிருந்தால், அந்த உரலில் அடுத்த மருந்தும் இடிபட்டிருக்கும்.

வெள்ளையர் தங்கள் நாட்டு வழக்கப்படி சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களிலும் ‘கரோனர்’ என்னும் மரண விசாரணை அதிகாரியை நியமித்தார்கள். சென்னையில் அப்பதவி 1889ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. பம்பாயில் 1999 வரை நீடித்தது. அமெரிக்காவிலோ, மாசசூசெட்ஸ் மாநிலம் 1877இல் கரோனரை நீக்கி, மருத்துவப் பரிசோதகர் என்ற பதவியை ஏற்படுத்திற்று. நியூயார்க் நகரம் 1918இல் அதைப் பின்பற்றியது. அங்கே சாவு நடந்த இடத்துக்கு அவர் தம் ஆட்களுடன் போவார். உடலையும் அவரே பார்ப்பார். காரணத்தையும், அது கொலையா, தற்கொலையா, விபத்தா, இயற்கையா என்பதையும் அவரே எழுதுவார். இங்கு அவ்வாறில்லை. நம்மிடம் அவ்வேலை மூன்று பேருக்குப் பிரிந்து கிடக்கிறது. இடத்தைப் பார்ப்பவர் காவல்துறையினர். உடலைப் பார்ப்பவர் மருத்துவர். கொலையா அல்லவா என்று தீர்ப்பவர் நீதிபதி. இடத்தைப் பார்த்தவர் உடலைத் திறப்பதில்லை, உடலைத் திறப்பவர் பெரும்பாலும் இடத்தைப் பார்ப்பதில்லை. இதை ஒரு பெருங்குறையாகவே நான் கருதுகிறேன்.

காவலர் செய்வதற்குப் பிரேத விசாரணை என்று பெயர். குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு என்று பல தலைமுறைகளாக வழங்கி வந்தது, 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவாகி இருக்கிறது. சாரம் மாறவில்லை. நிலைய அதிகாரி இடத்துக்குச் சென்று, அக்கம்பக்கத்து நன்மக்கள் இருவர் அல்லது மேற்பட்டவர் முன்னிலையில் உடலைப் பார்வையிட்டு, காயம், முறிவு, கன்றல் இவற்றைக் குறித்து, சாவுக்குத் தோற்றத்தில் தெரியும் காரணத்தை எழுத வேண்டும். அந்த நன்மக்களைப் பஞ்சாயத்தார் என்பார்கள். திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இறந்தாலோ தற்கொலை செய்துகொண்டாலோ, வருவாய்க் கோட்டாட்சியர் விசாரிப்பார். செய்தித்தாளில் ‘ஆர்.டி.ஓ. விசாரணை’ என்று வருவது இதுவே. எங்கள் பகுதிக்குத் திருத்தணியில் அந்த அலுவலகம் இருக்கிறது. காவலில் இருந்தவர் இறந்தாலோ நீதித்துறை நடுவர் விசாரணை வேண்டும்.

அடுத்து மருத்துவர். பெரிய நகரங்களில் இதற்கென்றே தடயவியல் மருத்துவப் பேராசிரியர்கள் உண்டு. வட்டாரத்து அரசு மருத்துவமனைகளிலோ காலையில் புறநோயாளிகளுக்குக் காய்ச்சல் மாத்திரை எழுதிக் கொடுத்த அதே மருத்துவர்தான் பிற்பகல் பிணவறைக்குப் போகிறார். அவரிடம் உடலைக் கொண்டுவந்த காவலர், ‘இன்னாருடைய உடல் இதுவே’ என்று அடையாளம் காட்ட வேண்டும். பகல் வெளிச்சத்தில் செய்ய வேண்டும் என்பது நெடுநாள் விதி. விளக்கொளியில் நிறங்கள் மாறித் தோன்றும். கன்றிய ஊதாவும், காமாலை மஞ்சளும் தப்பிவிடும். 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம், போதிய வசதியுள்ள மருத்துவமனைகளில் இரவிலும் செய்யலாம் என்று அனுமதித்தது. ஆனால் கொலை, தற்கொலை, பாலியல் வன்முறை, அழுகிய உடல், சந்தேகச் சாவு ஆகியவற்றைப் பொதுவாக அதிலிருந்து விலக்கிவிட்டது.

முதலில் வெளிப்பார்வை. உடையைக் களையும் முன்பே பார்ப்பார்கள். இறந்தபின் தசைகள் விறைத்துப் பிறகு தளர்கின்றன. நம் ஊர் வெயிலில் இவ்விரண்டும் விரைவாகவே நடக்கும். இரத்தம் உடலின் தாழ்ந்த பக்கத்தில் இறங்கித் தேங்கி, தோலில் நிறமாக நிலைத்துவிடும். மல்லாந்து கிடந்த பிணத்தின் மார்பில் அந்நிறம் இருந்தால், யாரோ புரட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். பின்னர் தலை, மார்பு, வயிறு ஆகிய மூன்று அறைகளையும் திறந்து பார்க்க வேண்டும். தலையில் அடிபட்டது கண்ணுக்கே தெரிகிறதே, வயிற்றை ஏன் அறுக்கிறீர்கள் என்று உறவினர் அழுவது வழக்கம். ஒரு காரணம் தெரிகிறது என்பதால் மற்றொன்று இல்லை என்று ஆகிவிடாது என்பதே அதற்கு விடை.

தண்டவாளத்துப் பிணம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரயிலில் அடிபட்டவர் என்று இருப்புப் பாதைக் காவலர் கொண்டுவருகிறார்கள். அவர் அடிபடும்போது உயிரோடு இருந்தாரா? உயிருள்ள உடலில் காயம் பட்டால் இரத்தம் பாய்ந்து சுற்றியுள்ள திசுக்களில் ஊறும், ஓரங்கள் வீங்கும். செத்த உடலைத் தூக்கித் தண்டவாளத்தில் போட்டிருந்தால் வெட்டு இருக்கும், ஊறல் இராது. கிணற்றுப் பிணத்துக்கும் இதே கேள்விதான். நீரில் மூழ்கி இறந்தவன் மூச்சுக்குத் திணறும்போது, டயாட்டம் என்னும் ஒரு செல் நுண்பாசிகள் நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து எலும்பு மச்சை வரை போய்ச் சேரும். இறந்தபின் எறியப்பட்டவனுக்கு இரத்த ஓட்டம் ஏது? விலங்கியல் மாணவனாகிய எனக்கு, நாம் நுண்ணோக்கியில் பார்த்துப் படம் வரைந்த அச்சிறு பாசி நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவும் கூடும் என்பது பெருமையாக இருந்தது. கிணற்று நீரின் மாதிரியையும் எடுத்து ஒப்பிட்டால்தான் அச்சாட்சி நிற்கும்.

நஞ்சு என்ற ஐயம் இருந்தால் இரைப்பை, சிறுகுடல், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றின் பகுதிகளை எடுத்துச் சாடிகளில் போட்டு முத்திரையிட்டு அனுப்புகிறார்கள். சாடியில் ஊற்றுவது என்ன தெரியுமா? பெரும்பாலும் வெறும் உப்புக் கரைசல்! நம் வகுப்பில் தவளையைப் போட்டு வைக்கும் ஃபார்மலின் இங்கு உதவாது. நஞ்சைக் கண்டுபிடிப்பதற்கு அது இடைஞ்சல் செய்யும். சென்னையில் இரசாயனப் பரிசோதகர் ஆய்வுக்கூடம் 1849இலேயே தொடங்கப்பட்டது. இந்தியாவில் அவ்வகையில் அதுவே முதலாவது. இன்று அப்பணி மாநிலத் தடய அறிவியல் துறையினுடையது. சாடிகள் போய் விடை வர வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகும். அதுவரை மருத்துவர், ‘கருத்து நிறுத்தி வைக்கப்படுகிறது’ என்று எழுதுவார். கருத்து வரும் முன்பே ஊரில் ஆளுக்கொரு கருத்து பரவிவிடும் என்பது வேறு விஷயம்.

இத்தனை சோதனைக்கும் அகப்படாத சாவுகளும் உண்டு. பெரியப்பா சொன்ன வயிற்றுவலிக்கு இங்கேதான் வந்து சேர்கிறோம்.

கட்டுவிரியன் இரவில் திரியும் பாம்பு. தரையில் பாய் விரித்துத் தூங்குபவரைப் படுக்கையிலேயே கடித்துவிடும். அதன் பல் சிறியது. கடித்த இடத்தில் வீக்கமோ கடுப்போ பெரும்பாலும் இராது, தழும்பும் தெரியாது. கடிபட்டவர் பலர் விழிப்பதே விடியற்காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான்! வயிற்றுவலி, வாந்தி, பிறகு இமை சரிதல், நாக்குக் குழறல், விழுங்க முடியாமை, கடைசியில் மூச்சுத் தசைகள் ஓய்ந்து சாவு. வீட்டார் கண்டது வயிற்றுவலி, அதைத்தான் சொல்வார்கள். உடலைத் திறந்தாலும் குறிப்பாகச் சொல்லத்தக்க மாற்றம் உள்ளே இராது. வழக்கமான இரசாயனச் சோதனையில் பாம்பு நஞ்சு அகப்படுவதுமில்லை. கத்தி மௌனமாகிவிடுகிற இடம் இது. ‘கண் இமை எப்போது சரிந்தது? தரையில் படுத்திருந்தாரா? பேச்சு எப்போது குழறிற்று?’ என்று வீட்டாரைக் கேட்பவன் ஒருவன் வேண்டும்.

அவ்வாறு கேட்டுக் காரணம் காண்பதற்கு வாய்மொழிப் பிணக்கூறாய்வு என்று பெயர். இந்தியப் பதிவாளர் தலைமையகமும் டொராண்டோவின் பிரபாத் ஜா என்னும் பேராசிரியரும் சேர்ந்து நடத்திய பத்து இலட்சம் சாவுகள் பற்றிய ஆய்வு இம்முறையில் அமைந்ததே. களப்பணியாளர் வீட்டுக்குச் சென்று விசாரித்து எழுதி வருவதை இரு மருத்துவர்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் காணாமல், தனித்தனியே படித்துக் காரணம் குறிப்பார்கள். அதன்படி 2005ஆம் ஆண்டில் இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தவர் ஏறத்தாழ 46,000 பேர் என்று 2011இல் வெளியிட்டார்கள். அரசு மருத்துவமனைகளின் கணக்கிலோ ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சமே இருந்தது. மற்றவர்கள் எங்கே போனார்கள்? மருத்துவமனை வாசலையே மிதிக்காதவர்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் நாட்டுப்புறத்தார். எண்ணிக்கை தெரிந்தால்தானே எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை குப்பி விஷமுறிவு மருந்து வைப்பது என்று தெரியும்? அம்மருந்துக்கான நஞ்சை எடுத்துத் தருபவர்கள், 1978இல் தொடங்கப்பட்ட வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக் கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது.

வயிற்றுவலி என்ற சொல்லுக்குப் பின்னே இருக்கும் மற்றொன்று பாம்பைவிடக் கொடியது. நாளிதழின் உள்பக்கத்தில், ‘தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்த இளம்பெண்...’ என்று தொடங்கும் நாலு வரிச் செய்தியைப் படிக்காதவர் நம்மில் யார்? பதிவேட்டுக்கு வரும்போது அந்த நாலு வரியும் சுருங்கி வயிற்றுவலி மட்டும் நிற்கும். சில வேளைகளில் காவல் நிலையத்துக்கே தெரியாமல் விடிவதற்குள் எல்லாம் முடிந்துபோகும். இதைப் பற்றிப் பெரியப்பாவிடம் சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

“அந்தப் பொண்ணுக்கு என்ன கஷ்டம்னு யாரும் கேக்கவே இல்லையே, பெரியப்பா?”

“கேக்கறதுக்கு நீ சின்னப் பையன். அதுக்குக் கீழ ரெண்டு தங்கச்சிங்க இருந்தாங்க. அவங்க கல்யாணம் நின்னுபோவணுமா? அவங்க அப்பன் என் கையைப் புடிச்சிக்கினு அழுதான்.”

அதற்கு நான் விடை சொல்லவில்லை. அந்தத் தகப்பனைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு இன்றும் மனம் வரவில்லை. ஆனால் அதே போன்ற பல வீடுகளில் ஒருவர் போய்ப் பொறுமையாகக் கேட்டபோது என்ன தெரிந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நமக்கு அண்மையிலுள்ள வேலூரில், கிறித்துவ மருத்துவக் கல்லூரியார் கணியம்பாடி ஒன்றியத்துச் சிற்றூர்களில் 1992 முதல் 2001 வரை நேர்ந்த இறப்புகளை, ஊர்ச் சுகாதாரப் பணியாளர் மூலம் இம்முறையில் தொடர்ந்து கண்டறிந்தார்கள். 2004இல் அது வெளிவந்தது. பத்து முதல் பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களில், ஆண்டுக்கு இலட்சத்துக்கு 148 பேர் தம்மை மாய்த்துக் கொண்டிருந்தார்கள். பையன்களில் 58 பேர். அவ்வயதில் இறந்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் சாவுக்கு இதுவே காரணம். நம் கல்லூரியில் முதலாண்டு சேருகிறவர்களின் வயதும், அவர்தம் தங்கைமாரின் வயதும் அதுதான். பதிவேட்டில் வயிற்றுவலியும் காய்ச்சலுமாக எழுதிக்கொண்டே போனால், இப்படியொரு துயரம் நம்மிடையே இருக்கிறது என்பதே எவருக்கும் தெரியாமற் போகும். தெரியாத நோய்க்கு மருந்து யார் தேடுவார்? இன்று மனம் உடைந்தவர் எந்நேரமும் 14416 என்ற எண்ணில் தொலைபேசியில் பேசலாம் என்ற ஏற்பாடு இருக்கிறது. இதுபோன்றவை எண்ணிக்கை வெளிச்சத்துக்கு வந்த பின்னரே பிறக்கின்றன.

கேட்டு அறிவதன் பயனைத் தமிழ்நாட்டில் பேரளவில் காட்டியவர் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வேந்தன் கஜலட்சுமி. ஆக்ஸ்போர்டின் ரிச்சர்ட் பீட்டோவுடன் சேர்ந்து அவர் செய்த ஆய்வில், 1990களின் பிற்பகுதியில் சென்னையில் இறந்த 48,000 பெரியவர்கள், விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர்களில் இறந்த 32,000 பெரியவர்கள் ஆகியோரின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் சென்றார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்லர். கேட்கவும் எழுதவும் கற்றவர்கள். போவதற்கு முன் சென்னைக் கணக்கில் காரணம் தெரியாதவை, தெளிவில்லாதவை நூற்றுக்கு 54, வந்தபின் 23. சிற்றூர்க் கணக்கில் 41 என்பது 26 ஆயிற்று. எண்பதாயிரம் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து கேட்ட கேள்விகளின் விளைவு இது!

அங்கே அவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று, ‘பீடி, சிகரெட் குடிப்பாரா?’ என்பது. இறந்த ஆண்கள் 43,000 பேரையும், உயிரோடிருந்த 35,000 ஆண்களையும் ஒப்பிட்டு 2003இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். புகைப்பவரைப் புற்றுநோயும் நெஞ்சுநோயும் கொல்லும் என்பது முன்பே தெரிந்த செய்தி. இங்கு வெளிப்பட்டது வேறு. புகைபிடிக்கும் ஆண்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, பிடிக்காதவரைப் போல் நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. காசநோய் கிருமியால் வருவது, பீடிக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று இருந்த உலகம் வியந்து பார்த்தது. இத்தொடர்பு எந்த ஒரு பிணவறையிலும் ஒரு தனி உடலைத் திறந்து கண்டிருக்கக்கூடியதன்று. பல்லாயிரம் கட்டங்கள் சரியாக நிரப்பப்பட்டதால் மட்டுமே தெரிந்தது. இறப்பைத் தெரிவிக்கும் 2ஆம் எண் படிவத்தில், இறந்தவர் புகைபிடித்தாரா, எத்தனை ஆண்டுகளாக என்று ஒரு கேள்வி உண்டு. அதைக் கேட்காமலே கோடு போட்டுவிடுகிறவர்கள்தான் மிகுதி.

இனி, வீட்டுக்கு ஒரு சாவு நேர்ந்தால் நாம் செய்ய வேண்டுவதையும் சொல்லிவிடுகிறேன். இருபத்தொரு நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அவ்வாண்டு அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தபின், மருத்துவர் இறப்புக் காரணச் சான்றைக் கட்டணமின்றிப் பதிவாளருக்கு அனுப்பி, அதன் நகலை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும். நகலை வாங்கிப் படியுங்கள். அடிவரியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வெறும் ‘இதயம் நின்றது’ என்றிருந்தால், எதனால் என்று மருத்துவரிடம் பணிவாகக் கேட்பதில் தவறில்லை.

பெரியப்பா சொன்ன அச்சத்துக்குச் சட்டத்திலேயே ஒரு விடை இருப்பதை நான் பின்னர்தான் படித்தேன். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, இறப்பு பற்றி வெளியாருக்குத் தரப்படும் எந்தப் பதிவுப் பிரதியிலும் சாவின் காரணத்தைக் காட்டுதல் கூடாது. வாரிசுச் சான்றுக்கும், வங்கிக்கும், பட்டா மாற்றத்துக்கும் நாம் எடுத்துக்கொண்டு அலையும் இறப்புச் சான்றிதழை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். பெயர் இருக்கும், நாள் இருக்கும், இடம், முகவரி, பெற்றோர் பெயர், பதிவு எண் எல்லாம் இருக்கும். காரணம் என்ற வரி அதில் இல்லை. அது பதிவேட்டில் மட்டும் இருக்கிறது; அங்கிருந்து பெயர் நீங்கி, வெறும் எண்ணாகக் கணக்குக்குப் போகிறது.

தங்கைமாருக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் அதைப் பார்க்க வழியில்லை.